சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது யார்? – மனநலம்: வாசகர் கேள்வி பதில்

ராணுவப் பணியில் நேரும் பேரதிர்ச்சிகளும் அவற்றுக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி. என்னும் மனநலக் கோளாறும் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பலவும் சிகிச்சையை யார் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியே கேட்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காஷ்மீரில் அவர் சென்ற வாகன அணியில் கண்ணிவெடி வெடித்து, உடன் பணியாற்றியவர்கள் இறந்தனர். ஆண்டுகள் பல கடந்தும் இரவில் அலறிக்கொண்டு எழுகிறார். தீபாவளி வந்தால் உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக்கிலிருந்து அனுப்பப்பட்டு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா, பேச்சுச் சிகிச்சை என்றால் எந்த வகை என்று அவர் இவரையே கேட்டார். இவரோ நிமிர்ந்து உட்கார்ந்து, "நீங்கள் சொல்வதைச் செய்கிறேன், சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இ.எம்.டி.ஆர். என்பதுதான் சிறந்தது என்கிறான் என் மகன். மாத்திரையே போதும் என்கிறார் கொழுந்தனார். நோயாளியிடமே கேட்பது முறையா? நாங்களே முடிவு செய்து சொல்லிவிடலாமா? – வாசகி, குடியாத்தம்.

பதில்: அம்மா, அந்த மருத்துவர் முறையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார். நீங்களும் உங்கள் மகனும் முடிவு செய்து அவரிடம் அறிவிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அதற்கான காரணம் இந்தச் சிகிச்சைகள் நடக்கும் விதத்திலேயே இருப்பதால், முதலில் அவற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் இணைந்து 2023இல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டி, மூன்று பேச்சுச் சிகிச்சைகளை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. எட்னா ஃபோவா உருவாக்கிய 'புரலாங்டு எக்ஸ்போஷர்' பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள் வரை நடக்கும். நடந்த நிகழ்வை இப்போது கண்முன் நடப்பது போல மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒலிப்பதிவை வீட்டில் அன்றாடம் கேட்க வேண்டும். இத்தனை நாள் தவிர்த்துவந்த இடங்களுக்கும் சூழல்களுக்கும் படிப்படியாகச் சென்று பழக வேண்டும். பெட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய 'காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி' வழக்கமாக 12 அமர்வுகள் கொண்டது. 'அன்று நான் வண்டியை மாற்றி அனுப்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்' என்பது போல, நிகழ்வுக்குப் பின் மனம் தானாக எடுத்துக்கொண்ட முடிவுகளை எழுதிவைத்து, அவை எவ்வளவு தூரம் உண்மை என்று மருத்துவருடன் சேர்ந்து ஆராய்வதே அதன் வழி. மூன்றாவது, ஃபிரான்சின் ஷாபிரோ 1989இல் தம் முதல் ஆய்வை வெளியிட்ட இ.எம்.டி.ஆர். இதில் நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு மருத்துவரின் விரலசைவைக் கண்களால் பின்தொடர்வார்கள். நடந்ததை விரிவாக வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையும் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியும் குறைவு. மருந்துகளில் செர்ட்ரலின், பராக்ஸெட்டின், வென்லஃபாக்சின் ஆகிய மூன்றையும் அதே வழிகாட்டி பரிந்துரைக்கிறது.

இவை ஒவ்வொன்றும் நோயாளியிடம் வெவ்வேறு உழைப்பைக் கேட்கின்றன. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அந்த ஒலிப்பதிவை அன்றாடம் கேட்க இயலுமா, எழுதுவது இவருக்குக் கைவருமா, அல்லது எழுத உட்கார்ந்தாலே பள்ளிக்கூடத்துக் கூச்சம் வந்துவிடுமா, வாரந்தோறும் பேருந்தில் வேலூருக்குப் போய்வர முடியுமா என்பவை இவருக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர் பிறந்து வளர்ந்தது தமிழில் என்றாலும், அந்த நாளின் கட்டளைகளும் ஓலமும் வயர்லெஸ் குரல்களும் பெரும்பாலும் இந்தியில் இருந்திருக்கும். அந்த நினைவை எந்த மொழியில் பேசினால் இவரால் தாங்க முடியும், எந்த மொழியில் பேசினால் அது உயிரோடு வெளிவரும் என்பதை இவரைத்தான் கேட்டறிய வேண்டும். படைவீரர்களின் சிகிச்சையில் இந்த மொழித் தேர்வுக்குப் போதிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

உங்கள் மகன் சொல்வது முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டி இ.எம்.டி.ஆரை முதல் வரிசையில் வைக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டியோ, பெரியவர்களுக்கு இ.எம்.டி.ஆரைப் பரிந்துரைக்கும்போது, போரோடு தொடர்பில்லாத அதிர்ச்சிகளுக்கு என்று எல்லை வகுத்துவிடுகிறது. இரு நாட்டு நிபுணர் குழுக்களே இப்படி வேறுபடும் இடத்தில், 'இதுதான் சிறந்தது' என்று வீட்டில் ஒருவர் தீர்ப்புச் சொல்வதற்கு ஆதாரம் போதாது. அதே பிரிட்டன் வழிகாட்டி மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, நோயாளி மருந்துச் சிகிச்சையை விரும்பினால் அதைக் கருதலாம் என்று அவருடைய விருப்பத்தையே நிபந்தனையாக வைத்திருப்பதையும் கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்.

இனி, "நீங்கள் சொல்வதைச் செய்கிறேன், சார்" என்ற பதிலுக்கு வருகிறேன். அதில் பணிவும் இருக்கிறது, ஒதுங்கலும் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மேலதிகாரியின் சொல்லைத் தயங்காமல் ஏற்பதே தன்னையும் உடனிருப்பவர்களையும் காக்கும் என்று பழக்கப்பட்டவரிடம், எதிரே அமர்ந்திருக்கும் படித்த மனிதர் "உங்களுக்கு எது வேண்டும்?" என்று திடீரெனக் கேட்டால், அது சரியான விடை உள்ள தேர்வுக் கேள்வி போலவே அவருக்குத் தோன்றும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். எது மாறினால் உங்கள் வாழ்க்கை இலகுவாகும், தூக்கமா, கோபமா, தீபாவளியா? இந்தச் சிகிச்சைகளில் எதை நினைத்தால் 'என்னால் ஆகாது' என்று தோன்றுகிறது? இதற்கு முன் எதை முயன்று, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு அவரிடம் விடை இருக்கும். அமெரிக்காவின் பி.டி.எஸ்.டி. தேசிய மையம் சிகிச்சைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும் இணையக் கருவி ஒன்றை நோயாளிகளுக்காகவே வைத்திருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருப்பதால் உங்கள் மகன் அதைப் படித்து, எதையும் சிபாரிசு செய்யாமல், தந்தைக்குத் தமிழில் விளக்கிச் சொல்வது அவர் செய்யக்கூடிய பெரிய உதவியாக இருக்கும்.

சட்டமும் உங்கள் கணவர் பக்கமே நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, நோயின் தன்மை, முன்மொழியப்படும் சிகிச்சை, அறியப்பட்ட பக்கவிளைவுகள் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. மறுமுறை செல்லும்போது அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் உடன் செல்லுங்கள். ஆனால் அவர் பதில் சொல்லத் தாமதித்தால் நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசினாலோ, அப்படி உங்களுக்குச் சந்தேகம் வந்தாலோ, இந்தத் தேர்வுகள் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

கேள்வி: நான் உளவியல் முதுகலை மாணவி. நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பளிப்பது அறநெறி என்ற அளவில் புரிகிறது. ஆனால் அதனால் சிகிச்சையின் பலன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா? சிறந்த சிகிச்சை எது என்று ஆய்வுகள் சொன்ன பிறகு, விருப்பத்துக்கு இடம் எங்கே? – வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். புரலாங்டு எக்ஸ்போஷரையும் காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட மிகப் பெரிய ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. அமெரிக்காவின் 17 படைவீரர் மருத்துவமனைகளில், 916 முன்னாள் படைவீரர்களிடம் பவுலா ஷ்னர் குழுவினர் அதை நடத்தினார்கள். முதல் சிகிச்சை புள்ளியியல் அளவில் சற்று முந்தியது என்றாலும், அந்த வேறுபாடு நோயாளியின் வாழ்க்கையில் உணரத்தக்க அளவு பெரியதாக இல்லை. ஆனால் முதலாவதில் சுமார் 56 விழுக்காட்டினரும் இரண்டாவதில் சுமார் 47 விழுக்காட்டினரும் சிகிச்சையை முடிக்காமலேயே விட்டுவிட்டனர். நம் துறை தலைகுனிந்து படிக்க வேண்டிய எண்கள் இவை. இரு நல்ல சிகிச்சைகளுக்கு இடையே பலனில் பெரிய வேறுபாடு இல்லாதபோது, ஒருவர் எதில் நிலைத்து நிற்பார் என்பதே அவருக்கு எது சிறந்தது என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. விருப்பத்துக்கு இடம் இருப்பது அங்கேதான்.

முதல் கேள்விக்கு வருவோம். லோரி ஸோல்னரும் நோரா ஃபீனியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பி.டி.எஸ்.டி. உள்ள 200 பேரிடம், புரலாங்டு எக்ஸ்போஷர் வேண்டுமா, செர்ட்ரலின் மாத்திரை வேண்டுமா என்று முதலில் கேட்டார்கள். பிறகு அவர்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு அவர்கள் விரும்பியதையே கொடுத்தார்கள்; மறு பாதியினருக்குச் சிகிச்சையையும் குலுக்கலிலேயே முடிவு செய்தார்கள். இரு சிகிச்சைகளும் பலன் தந்தன. விரும்பிய சிகிச்சை கிடைத்தவர்கள் அதைக் கூடுதல் ஒழுங்கோடு கடைப்பிடித்தார்கள், கூடுதலாகக் குணமும் அடைந்தார்கள். ஜோஷுவா ஸ்விஃப்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2018இல் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், விருப்பம் மதிக்கப்பட்டவர்கள் சிகிச்சையை இடையில் விடுவது குறைகிறது என்றே தெரிந்தது. இவற்றில் பங்கேற்ற பெரும்பாலோர் படைவீரர்கள் அல்லர் என்பதை உங்கள் ஆய்வேட்டில் எழுத மறக்காதீர்கள்.

படையினரிடமே நடந்தவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ பகுதியில் ஆலன் பீட்டர்சன் குழுவினர் காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபியை மருத்துவர் அலுவலகத்திலும், காணொலி வழியாகவும், படைவீரரின் வீட்டுக்கே சென்றும் அளித்து ஒப்பிட்டார்கள். குலுக்கலுக்கு முன், இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றை 'இது எனக்கு வேண்டாம்' என்று விலக்கிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை கொடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். வாய்ப்புக் கொடுத்தால் படையினர் தம் விருப்பத்தைத் தயங்காமல் சொல்வார்கள் என்பதை அது காட்டுகிறது. 'அவர்களுக்குக் கட்டளைதான் பிடிக்கும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் நம் மூத்த மருத்துவர்கள் சிலர் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று வழிகளிலுமே நோய் தணிந்தது.

அறிவியலின் இன்றைய எல்லையையும் மனத்தில் கொள்ளுங்கள். படையினரிடம் நடந்த ஆய்வுகளை மரியா ஸ்டீன்காம்ப் குழுவினர் 2015இல் மறுஆய்வு செய்தபோது, இச்சிகிச்சைகளால் பலர் கணிசமாகத் தேறியிருந்தாலும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிகிச்சை முடிந்த பின்னும் நோய் நீடித்ததைக் கண்டார்கள். ஆகவே முதலில் தேர்ந்தெடுத்தது உதவாமல் போனால், அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் உரையாடலும் நிகழ வேண்டும். ஒரே ஒருமுறை கையொப்பம் வாங்குவதோடு இது முடிந்துவிடக் கூடாது.

கேள்வி: என் அப்பா முன்னாள் சிப்பாய். "எனக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம், இரவில் இரண்டு சுற்று கேன்டீன் ரம்மும் ஒரு தூக்க மாத்திரையும் போதும், இதுதான் என் தேர்வு" என்கிறார். இதையும் மதிக்க வேண்டுமா? – வாசகர், அறந்தாங்கி.

பதில்: சிகிச்சையை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் சொல்லும் இரண்டும் சேர்ந்தால் மூச்சே தடைபடலாம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லும் கடமை உங்களுக்கும் மருத்துவருக்கும் உண்டு. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பரவலாகத் தரப்படும் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளை, அல்ப்ரஸோலம் போன்றவற்றை, பி.டி.எஸ்.டி.க்குத் தர வேண்டாம் என்றே 2023ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. தான் கேட்கும் எல்லாவற்றையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும் என்று எந்த நோயாளியும் கோர முடியாது; பலனும் பாதுகாப்பும் உள்ளவற்றுக்குள் தேர்ந்தெடுப்பதையே நான் பேசுகிறேன். ஆனால் சண்டையிட்டுப் புட்டியைப் பிடுங்காதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் அதற்கும் மருத்துவ மேற்பார்வை வேண்டும். தூக்கமே அவருடைய முதல் குறை என்று தெரிகிறது. தூக்கத்துக்காக மட்டும் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். கீழ்ப்படிதலே அடித்தளமான ஓர் அமைப்பில் இந்தச் சிந்தனை எப்படி நுழைந்தது? படைவீரனின் சொல்லுக்கு மருத்துவம் செவிசாய்த்த காலம் என்று ஏதேனும் உண்டா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: ஐயா, செவிசாய்க்காத காலத்தை முதலில் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில், குண்டதிர்ச்சியால் பேச்சிழந்தும் கைகால் விளங்காமலும் வந்த சாதாரணச் சிப்பாய்களுக்கு, லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் லூயிஸ் யெல்லாண்ட் என்ற மருத்துவர் மின்சாரம் செலுத்திச் சிகிச்சை அளித்தார். பேச்சு திரும்பும் வரை அறையை விட்டு வெளியேற முடியாது என்று நோயாளியிடம் சொல்லி, கதவைப் பூட்டிவிட்டு, தொண்டையில் மின்முனைகளை வைத்ததை அவரே 1918இல் தம் நூலில் விவரித்திருக்கிறார். அதே போரில், எடின்பரோ அருகே இருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், நோயாளிகளைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அது அதிகாரிகளுக்கு மட்டுமான மருத்துவமனை. எந்தச் சிகிச்சை என்பதை நோயைவிடத் தோள்பட்டைச் சின்னமே பெருமளவு தீர்மானித்தது. நலமானவர்கள் இரண்டு இடங்களிலிருந்தும் திரும்பவும் போர்ப்பணிக்கே தகுதியாக வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

திருப்பம் 1970இல் நியூயார்க்கில் நிகழ்ந்தது. வியட்நாம் போரை எதிர்த்த முன்னாள் படைவீரர்கள், அரசு மருத்துவமனைகளை நம்ப மறுத்து, தங்கள் சங்க அலுவலகத்திலேயே வாரந்தோறும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், சாயிம் ஷாட்டன் ஆகிய மனநல மருத்துவர்களை அவர்களே அழைத்துக்கொண்டார்கள். எங்கே கூடுவது, எதைப் பேசுவது, யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் படைவீரர்கள் கையில் இருந்தது; மருத்துவர்கள் சமமானவர்களாக அமர்ந்து கேட்டார்கள். அன்று நடைமுறையில் இருந்த அமெரிக்க மனநல நோய் வகைப்பாட்டு நூலில் போர் அதிர்ச்சிக்கென்று பொருத்தமான இடமே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டங்களின் அருமை புரியும். அங்கு கேட்டவற்றைக் கொண்டு அந்த மருத்துவர்களும் படைவீரர்களும் நடத்திய நீண்ட வாதத்தின் விளைவாகவும், வேறு கொடுமைகளுக்கு உள்ளானவர்களைப் பற்றிய ஆய்வுகளின் துணையாலும், 1980இல் அந்த நூலின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் 'வெட் சென்டர்' என்ற ஆலோசனை மையங்களுக்கு வழிவகுத்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியே, கடைத்தெருக்களில், பலவற்றில் முன்னாள் படைவீரர்களே ஆலோசகர்களாக அவை இயங்கின. இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததிலேயே படைவீரர்களுக்குப் பங்கு இருக்கும்போது, அதன் சிகிச்சையில் அவர்களைக் கேட்காமல் விடுவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நான் இப்போது பணியில் இருக்கும் நாயக். அறிகுறிகள் எல்லாம் எனக்கும் இருக்கின்றன. யூனிட் மருத்துவரான ஆர்.எம்.ஓ.விடம் சொன்னால் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். லோ மெடிக்கல் கேட்டகரி ஆகிவிடும். பதவி உயர்வு போய்விடும் என்கிறார்கள் உடனிருப்பவர்கள். என் நிலையில் இருப்பவனுக்குத் 'தேர்வு' என்று ஒன்று உண்டா? விடுப்பில் ஊருக்கு வரும்போது வெளி மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா? – பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்.

பதில்: தம்பி, உங்கள் அச்சம் வெறும் கற்பனை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மற்ற வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். நம் ராணுவத்தில் உடல்தகுதி 'ஷேப்' என்ற ஐந்து கூறுகளால் அளக்கப்படுகிறது. அதன் முதல் எழுத்தான 'எஸ்' மனநிலையைக் குறிக்கும். ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை தரம் உண்டு. ஒன்று என்றால் எங்கும் எப்பணிக்கும் தகுதி, ஐந்து என்றால் பணிக்கே தகுதியின்மை. மனநலப் பிரிவுக்கு ஒருவரை அனுப்பும்போது, அவருடைய நடத்தை குறித்து கமாண்டிங் ஆபீசரின் அறிக்கையும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 என்ற படிவத்தில் செல்லும். ஆகவே செய்தி யூனிட்டுக்குத் தெரியாமல் இருக்காது. ஆயுதம் கையாளுவதிலும் பணியிடத்திலும் கட்டுப்பாடுகள் வரலாம்.

ஆனால் தரம் குறைக்கப்படுவது முதலில் தற்காலிகமாகவே இருப்பது வழக்கம். குறித்த இடைவெளியில் மறுபரிசோதனை செய்து, தேறியவர்களின் தரத்தை உயர்த்துவதும் உண்டு. மறைத்து வைத்த நோய் ஒருநாள் டியூட்டியில் துப்பாக்கியோடு இருக்கும்போது வெடித்தால், அதன் விளைவு எந்தக் கேட்டகரியையும்விடக் கடுமையாக இருக்கும். வெளியில் மாத்திரை வாங்கி மறைத்து விழுங்குவதை நான் ஆதரிக்காததற்கு அதுவே காரணம். சில மருந்துகள் தொடக்கத்தில் மயக்கமும் மந்தமும் தரும். நீங்கள் என்ன விழுங்குகிறீர்கள் என்று தெரியாத ஆர்.எம்.ஓ. உங்களை நைட் டியூட்டிக்குத் தகுதி என்று எழுதிவிடுவார்.

யூனிட்டில் சொல்வதற்கு முன் பேசிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆயுதப் படையினருக்கென்றே டெலி மானஸ் சேவையின் தனிப்பிரிவு ஒன்று, புனே ஆயுதப் படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. யாரிடம், எப்போது, எந்த வரிசையில் சொல்வது என்பதையும் அங்கே கேட்கலாம். இதுவே உங்கள் முதல் தேர்வு.

மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குச் சென்ற பிறகும் உங்களுக்குத் தேர்வுகள் உண்டு. மருத்துவர் தோளில் உங்களைவிட உயர்ந்த பதவிச் சின்னம் இருப்பதால் கேட்கத் தயங்காதீர்கள். "எனக்குப் பேச்சுச் சிகிச்சை கிடைக்குமா, சார்? இங்கே இல்லையென்றால் எந்த மருத்துவமனையில் கிடைக்கும்?" என்று கேட்பது கட்டளையை மீறுவதாகாது. நேரமும் ஒரு தேர்வுதான். டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் ஹூட் தளத்தில், பணியில் இருந்த 370 படையினரிடம் எட்னா ஃபோவா குழுவினர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், புரலாங்டு எக்ஸ்போஷரின் பத்து அமர்வுகளை இரண்டு வாரங்களில் அடுத்தடுத்து முடித்தாலும், எட்டு வாரங்களுக்குப் பரப்பினாலும் பலனில் குறைவில்லை என்று தெரியவந்தது. வாரம் ஒருமுறை வர இயலாத உங்களைப் போன்றவர்களுக்கு இது முக்கியமான செய்தி. மருத்துவமனையில் தங்கியிருக்கும் நாட்களிலேயே முடித்துக்கொள்ள இயலுமா என்று கேட்கலாம். நடந்ததை வாய்விட்டுச் சொல்வதே உங்களுக்குத் தடை என்றால், டெனிஸ் ஸ்லோனும் பிரையன் மார்க்ஸும் உருவாக்கிய எழுத்துவழிச் சிகிச்சை ஐந்தே அமர்வுகள் கொண்டது. மருத்துவமனை அறையிலேயே அரை மணி நேரம் எழுத வேண்டும், வீட்டுப்பாடம் கிடையாது. 126 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், 12 அமர்வுகள் கொண்ட காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபிக்கு அது பலனில் குறைந்ததாக இல்லை. இடையில் விட்டவர்களோ நூற்றுக்கு 6 பேர் மட்டுமே, மற்றதில் சுமார் 40 பேர். இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் நம் நாட்டில் குறைவாகவே இருக்கிறார்கள் என்றாலும், கேட்பவர்கள் இருந்தால்தான் அதைக் கற்பவர்களும் வருவார்கள்.

கேள்வி: எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் மாதம் ஒருமுறை குழுவாகப் பேசும் கூட்டம் தொடங்க நினைக்கிறோம். எல்லோரையும் கட்டாயம் வரச் சொல்லலாமா? – சங்கச் செயலாளர், திருப்பத்தூர் மாவட்டம்.

பதில்: தொடங்குங்கள், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒன்றாகப் பணியாற்றியவர்கள் கூடிப் பேசும்போது தனிமை குறைகிறது. அதற்கு வேறு ஈடு இல்லை. ஆனால் சிகிச்சை என்ற அளவில், ஃபோர்ட் ஹூட்டில் 268 படையினரிடம் ரெசிக் குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சிகிச்சையைக் குழுவில் பெற்றவர்களைவிடத் தனியாகப் பெற்றவர்களே கூடுதலாகத் தேறினார்கள். எனவே உங்கள் கூட்டத்தை மருத்துவத்துக்கு மாற்றாக அறிவிக்காமல், மருத்துவத்துக்கு வழிகாட்டும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதியும் வேண்டாம். நடத்தத் தெரியாத இடத்தில் ஒருவர் நினைவைக் கிளறிவிட்டு, அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்புவது தீங்காக முடியும்.

முதல் கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களிடம் தனித்தனியே கேட்டுவிடுங்கள். இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்களும் ஜவான்களும் ஒரே அறையில் அமர்ந்தால் பேச வருமா, மனைவிமார் வரலாமா, எந்தப் பேச்சு வெளியே போகக் கூடாது, மருத்துவரை அழைத்தால் எந்த மாதத்திலிருந்து அழைப்பது என்பவற்றையெல்லாம் அவர்களே சொல்லட்டும். வர விரும்பாதவர்களின் பெயரைக் குறித்துவைத்து வற்புறுத்தாமல், தனியாகப் பார்க்கக்கூடிய மருத்துவரின் முகவரியையும் 14416 என்ற எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.